நிறுத்தி வைத்த காரில் டிப்பர் இடித்துவிட்டுப் போய்விட்டது: பொலிஸ் முதலா, இன்சூரன்ஸ் முதலா?

பரந்தன் பக்கம்

வணக்கம் உறவுகளே. அவசரம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். ஏ9 வீதியோரம் ஒரு டவுண் சந்தைக்கு முன்னால் வேப்பமரத்தடியில் காரை விட்டுவிட்டு மரக்கறி வாங்கப் போனேன். வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேதான் நிறுத்தினேன். எந்த டவுண் என்று சொல்லவில்லை, சொன்னால் பாதிப் பேர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். வந்து பார்த்தால் வலப்பக்கப் பின் கதவும் மட்காட்டும் உள்ளே போய்க் கிடக்கின்றன. பின் லைட் நொறுங்கி மண்ணில் கொட்டியிருக்கிறது.

இடித்தவன் இல்லை. இளநீர் விற்கிற ஐயா மட்டும், “டிப்பர் ஒண்டு பின்னுக்கு எடுத்தது தம்பி, இறங்கிப் பார்த்திட்டு ஏறிப் போட்டான்” என்கிறார். இலக்கத்தில் கடைசி இரண்டு எண்தான் அவருக்கு ஞாபகம். கார் வெள்ளை வாகன்ஆர், லீசிங் இன்னும் முடியவில்லை. ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. கார் இடித்த இடத்திலேயே நிற்கிறது, நான் பக்கத்துக் கடைக்குள் இருந்து எழுதுகிறேன். பொலிசுக்குப் போவதா, இன்சூரன்ஸுக்கு அடிப்பதா, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் ஆறுதலாகப் பார்ப்பதா?

டிங்கர் பட்டறை

தம்பி, காரை அசைக்க வேண்டாம். துடைக்கவும் வேண்டாம். எங்கள் ஆட்கள் முதல் செய்கிற வேலை, தண்ணீர்ப் போத்தலை எடுத்து இடிபட்ட இடத்தைக் கழுவிப் பார்ப்பதுதான். டிப்பரின் பெயின்ட் உங்கள் கதவில் ஒட்டியிருக்கும். வெள்ளைக் கார் என்றபடியால் நன்றாகத் தெரியும். கிட்டப் போய், வெயில் பக்கவாட்டில் படுகிற மாதிரி நின்று படம் எடுங்கள். நேரே நின்று எடுத்தால் ஒடுக்கு படத்தில் தெரியாது, தகடு சமமாகத்தான் விழும்.

இன்னொன்று, நிலத்திலிருந்து ஒடுக்கு எத்தனை உயரத்தில் தொடங்குகிறது என்று அளவு நாடா வைத்துப் படம் எடுங்கள். கடையில் கேட்டால் தருவார்கள். டிப்பரின் பின் பம்பரும் பெட்டியின் மூலையும் காரின் பம்பரை விட உயரம். நாளைக்கு யாராவது “நான் இல்லை, ஓட்டோ இடித்திருக்கும்” என்று சொன்னால் அந்த உயரமே பதில் சொல்லும். மண்ணில் கிடக்கிற கண்ணாடித் துண்டுகளையும் ஒரு பையில் பொறுக்கி வையுங்கள். உங்கள் லைட்டோடு அவனுடைய லைட்டும் உடைந்திருக்கலாம்.

காப்புறுதிக்காரன்

(முன்பு ஒரு கம்பனியில் மோட்டார் கிளெயிம் பக்கம் வேலை செய்தவன். இப்போது தோட்டம்.)

முதலில் இன்சூரன்ஸ். அட்டையில் 24 மணி நேர இலக்கம் இருக்கும், அதற்கு இப்போதே அடியுங்கள். அவர்கள் ஒரு முறைப்பாட்டு இலக்கம் தருவார்கள், நேரத்தோடு குறித்து வையுங்கள். அசெஸர் (சேதத்தை மதிப்பிடுகிறவர்) வருகிறாரா, எங்கிருந்து வருகிறார், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வன்னியில் பல இடங்களுக்கு ஆள் வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோதான் வர வேண்டியிருக்கும். “இன்றைக்கு வர ஏலாது, படம் எடுத்து அனுப்பிவிட்டு வாகனத்தை எடுங்கள்” என்று அவர்கள் சொன்னால் எடுக்கலாம். ஆனால் அதைச் சொன்னவரின் பெயரும் சொன்ன நேரமும் உங்களிடம் இருக்க வேண்டும். அந்த அழைப்புப் பதிவாகும், பிறகு உதவும்.

அடுத்தது பொலிஸ். இடித்தவன் ஓடிவிட்டான் என்றபடியால் என்ட்ரி (பொலிஸ் புத்தகத்தில் முறைப்பாட்டுப் பதிவு) இல்லாமல் கம்பனி சும்மா விடாது. ஒன்றின் பிறகு மற்றது என்றுதான் எழுதுகிறேன், ஆனால் இரண்டும் இன்றைக்கே நடக்க வேண்டும்.

ஃபோனில் ஊகம் ஒன்றும் சொல்ல வேண்டாம். “டிப்பர் இடித்தது” என்று நீங்கள் சொல்லக் கூடாது, நீங்கள் பார்க்கவில்லையே. “நிறுத்தி வைத்திருந்தேன், உள்ளே யாரும் இல்லை, திரும்பி வந்தபோது இந்த நிலையில் இருந்தது, டிப்பர் ஒன்று இடித்ததைப் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார்.” இவ்வளவுதான். இதே வரிசையில் பொலிசிலும், இதே வரிசையில் கிளெயிம் படிவத்திலும்.

முல்லைக் கடற்கரை

இவ்வளவு மினக்கெட வேண்டுமா? அந்தப் பக்கம் ஓடுகிற டிப்பர் எல்லாம் மணல், கிரவல் ஏற்றுகிற ஆட்களுடையதுதான். நாலு பேரிடம் விசாரித்தால் பொழுது படுவதற்குள் முதலாளி யார் என்று தெரிந்துவிடும். ஃபோன் எடுத்துக் கதைத்து, செலவை வாங்கி, வேலையைச் செய்வித்துவிட்டுப் போகலாம். பொலிசுக்குப் போனால் வழக்கு, தவணை, அலைச்சல். என் மைத்துனரின் வானை முறிகண்டியில் கச்சான் வாங்க நிறுத்தியிருந்தபோது பின்னுக்கு வந்த வான் ஒன்று இடித்தது. அந்த இடத்திலேயே காசு வாங்கிக்கொண்டு பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்துவிட்டோம்.

காப்புறுதிக்காரன்

//அந்த இடத்திலேயே காசு வாங்கிக்கொண்டு//

அண்ணை, உங்கள் மைத்துனருக்கு இடித்தவர் முன்னால் நின்றார். இங்கே ஆள் ஓடிவிட்டார். சிறிய கீறல் என்றால் நானும் உங்கள் கட்சிதான், கிளெயிம் போட்டு நோ கிளெயிம் போனஸை (கிளெயிம் போடாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கிற கழிவை) இழப்பது வீண். ஆனால் கதவு, மட்காட், லைட் மூன்றும் போன வேலை அது. உள்ளே தூண் வளைந்திருந்தால் கதவைக் கழற்றிய பிறகுதான் தெரியும். காசை வாங்கிக்கொண்டு “இனி எனக்கு ஒரு கோரிக்கையும் இல்லை” என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு கம்பனியிடமும் போக முடியாது. நீங்கள் விட்டுக்கொடுத்த உரிமையை வைத்துக்கொண்டு அவர்கள் யாரிடம் போய் அறவிடுவது? இன்சூரன்ஸ் பொலிசியிலேயே அது எழுதியிருக்கும்: கம்பனியைக் கேட்காமல் சமாதானம் பேசவோ பொறுப்பை ஏற்கவோ கூடாது.

தாண்டிக்குளம் அக்கா

தம்பி, இளநீர் ஐயாவின் பெயரையும் ஃபோன் இலக்கத்தையும் வாங்கினீர்களா? அவர் சாட்சி சொல்ல வேண்டும் என்று இப்போது கட்டாயப்படுத்த வேண்டாம், பயந்துவிடுவார். “தேவைப்பட்டால் ஒரு தடவை எடுத்துக் கதைக்கலாமா” என்று மட்டும் கேளுங்கள். பக்கத்துக் கடைகளில் கமரா இருக்கிறதா என்றும் பாருங்கள். கமராப் பெட்டியில் இடம் நிரம்பினால் பழையது தானாக அழிந்துவிடும். ஆகவே இன்றைக்கே கடைக்காரரின் அனுமதியோடு அந்தத் துண்டை உங்கள் ஃபோனில் எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியின் கமரா என்றால் உங்களிடம் தர மாட்டார்கள், பொலிஸார் கேட்டால் கொடுப்பார்கள். முறைப்பாட்டிலேயே “இன்ன இடத்தில் கமரா இருக்கிறது, பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஸ்கார்பரோ சிவா

இங்கே கனடாவில் என்றால் டாஷ்காம் தானாகவே பதிவு செய்திருக்கும். கார் நின்றாலும் அதிர்வு பட்டவுடன் ஓன் ஆகும். எல்லோரும் ஒன்று வாங்கிப் பூட்டுங்கள்.

டிங்கர் பட்டறை

சிவா, நல்ல யோசனைதான், ஆனால் எங்கள் வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிய சாமான் ஒரு மாரி வருவதற்குள் கழன்று விழுகிறது. நின்ற இடத்தில் பதிவு செய்ய விட்டால் பற்றரியும் இறங்கும். பூட்டுகிறவர்கள் பின்பக்கமும் ஒன்று சேர்த்துப் பூட்டுங்கள். நிறுத்திய காரில் அடி விழுவது அனேகமாகப் பின்னாலும் பக்கவாட்டிலும்தான்.

பரந்தன் பக்கம்

எல்லோருக்கும் நன்றி. இரவு எழுதுகிறேன்.

இன்சூரன்ஸுக்கு அடித்தேன், அசெஸர் மாலையே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். நாலு பக்கமும் படம், செசி இலக்கம், மீற்றர், வரிப்பத்திரம், அடையாள அட்டை, என் சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் எடுத்தார். நின்ற காருக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்டேன். கடைசியாக ஓட்டி வந்து நிறுத்தியவர் யார் என்று பதிய வேண்டுமாம். கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயின்டை அவரும் நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிட்டப் படம் எடுத்தார். பட்டறை அண்ணைக்கு நன்றி, கழுவியிருந்தால் அது இல்லை.

ஹார்ட்வெயார் கடைக் கமராவில் டிப்பர் வருகிறது. இலக்கத் தகட்டில் சேறு, நாலு எண்ணில் மூன்று தெரிகிறது. கடைக்கார அண்ணா துண்டைத் தந்தார்.

பொலிசில்தான் சிக்கல். போக்குவரத்துப் பிரிவில் இருந்தவர், “டிப்பர் யாருடையது என்று தெரிந்தால் கூப்பிட்டுக் கதையுங்கள், இதெல்லாம் பேசித் தீர்க்கிற விஷயம்தானே” என்றார். முறைப்பாடு எடுக்க வேண்டும் என்று நின்றேன். எடுத்தார்கள், ஆனால் எழுதியவருக்குத் தமிழ் கொஞ்சம்தான். நான் தமிழில் சொன்னதை அவர் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வைக்கச் சொன்னார். எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. வாசித்துக் காட்டச் சொன்னேன். நான் மூன்றரை மணிக்குக் காரை விட்டேன் என்று சொன்னது, மூன்றரை மணிக்கு விபத்து நடந்தது என்று இருக்கிறது. கமராவில் நாலு மணிக்குப் பிறகுதான் இடிக்கிறது. காரில் யாரும் இல்லை என்பது எழுதப்படவே இல்லை. திருத்தச் சொன்னதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. நாளை ஓஐசி (நிலையப் பொறுப்பதிகாரி) இருக்கும்போது வரச் சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்து வைக்காமல் வந்தேன். சரியா?

தாண்டிக்குளம் அக்கா

சரிதான். கோபப்படாமல், பயப்படாமல் நாளை போங்கள்.

நான் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன், அடிக்கடி காண்கிற விஷயம் என்பதால் சொல்கிறேன். தமிழில் முறைப்பாடு எழுதுவது அவர்கள் செய்கிற உபகாரம் இல்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி வடக்கு கிழக்கில் நிருவாக மொழியும் பொதுப் பதிவேடுகளின் மொழியும் தமிழ். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரச கரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது, மொழி உரிமை மறுக்கப்பட்டால் அங்கே முறையிடலாம். ஆனால் இதையெல்லாம் மேசையில் அடித்துச் சொல்லப் போனால் உங்கள் கதவு வேலை பிந்தும். “சேர், தமிழ் எழுதுகிற உத்தியோகத்தர் எப்போது கடமையில் இருப்பார், அந்த நேரம் வருகிறேன்” என்று கேளுங்கள். அனேகமாக ஒருவர் இருப்பார், அல்லது அடுத்த முறைக்கு வருவார்.

அதற்கும் வழி இல்லை என்றால், இன்றிரவே உங்கள் கூற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, ஒப்பமிட்டு, இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை ஓஐசிக்கு என்று முகவரியிட்டுக் கொடுத்து, மற்றதில் கிடைத்ததாக ஒப்பம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் போடுவார்கள். போடாவிட்டால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வையுங்கள்.

புத்தகத்தில் ஏறிய பிறகு முறைப்பாட்டு இலக்கம், பக்கம், பந்தி மூன்றையும் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். பிரதி எடுக்கப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள். பிரதிக்குச் சிறு கட்டணம் இருக்கிறது.

காப்புறுதிக்காரன்

தம்பி சொன்ன அந்த நேர வித்தியாசத்தை யாரும் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். கிளெயிம் கோவையில் மூன்று தாள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: ஃபோன் பதிவு, அசெஸர் அறிக்கை, பொலிஸ் பிரதி. மேசையில் இருக்கிறவருக்கு உங்களையும் தெரியாது, வேப்பமரத்தையும் தெரியாது. ஒன்றில் நாலு மணி, மற்றதில் மூன்றரை. ஒன்றில் நிறுத்தி வைத்தது, மற்றதில் “விபத்து” என்று மட்டும். அவர் உடனே நினைப்பது, லைசென்ஸ் இல்லாத யாரோ ஓட்டி இடித்திருக்கிறார்கள், இப்போது நிறுத்தி வைத்த கதை சொல்கிறார்கள் என்று. அப்படிச் சோடிக்கப்பட்ட கதைகள் எத்தனையோ வந்துதான் அவர்களுக்கு இந்தச் சந்தேகம் பழகிப்போனது. பிறகு விசாரணை உத்தியோகத்தர் வருவார், இளநீர் ஐயாவைத் தேடுவார், மாதம் இழுபடும்.

முல்லைக் கடற்கரை

அக்காவும் அண்ணையும் சொல்வதைக் கேட்டால் கார் வாங்குவதற்கு முன்பு சட்டம் படிக்க வேண்டும் போல. சரி, நான் ஒன்று கேட்கிறேன். இடித்தது ஆமி வாகனமோ அரச திணைக்கள வாகனமோ என்றால்? எங்கள் பக்கம் அதுதானே அதிகம் ஓடுகிறது.

தாண்டிக்குளம் அக்கா

பொலிஸ் என்ட்ரி அதற்கும் அதேதான். வாகன இலக்கம், எந்தத் திணைக்களம் அல்லது எந்த முகாம், நேரம், இடம் என்று எழுதிக் கொடுங்கள். ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் உங்கள் கம்பனியிடமே எடுத்துக்கொள்ளுங்கள், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தேர்ட் பார்ட்டி (மற்றவருக்கு வரும் சேதத்துக்கான காப்புறுதி) மட்டும் என்றால் அந்த நிறுவனத்தின் தலைவருக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்ப வேண்டும். வழக்கு வரை போவதானால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்த பிறகே தாக்கல் செய்யலாம், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவு அது. யாரிடம் கேட்பதானாலும், சேதத்திற்கு நட்டஈடு கேட்கிற வழக்குக்கு இரண்டு வருடம்தான் கெடு. “பேசிக்கொண்டிருக்கிறோம்” என்று இருந்தே பலர் அதைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

ஒட்டுசுட்டான் விவசாயி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் கதை வேறு. அறுவடை நேரம் காவலுக்குப் போய் வயல் கரையில் பிக்கப்பை நிறுத்தியிருந்தேன். பின்னால் இரண்டு மூட்டை நெல் இருந்தது. இரவு யானை வந்து பின்பக்கக் கதவை வளைத்து, கூரையில் ஒரு அழுத்து அழுத்திவிட்டு நெல்லைச் சாப்பிட்டுப் போய்விட்டது. நான் பரணில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், இறங்கவா முடியும்? இன்சூரன்ஸுக்குச் சொன்னேன், பொலிஸ் என்ட்ரியும் விதானையார் கடிதமும் கேட்டார்கள். கொடுத்தேன், கொஞ்சம் கழித்துக்கொண்டு தந்தார்கள். யானையின் காலடியைப் பக்கத்தில் செருப்பு வைத்துப் படம் எடுத்திருந்தேன். அசெஸர் சிரித்துவிட்டு அந்தப் படத்தையும் கோவையில் போட்டார்.

கேள்வி என்னவென்றால், ஏன் கழித்தார்கள்? ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் முழுதும் தர வேண்டாமா?

காப்புறுதிக்காரன்

விவசாயி அண்ணை, நீங்கள் கேட்டதை எல்லோரும் கேட்க வேண்டும், ஆனால் காசு குறைந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

ஒரு கழிவு எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெயிமிலும் முதல் இவ்வளவு ரூபா உங்களுடையது என்று பொலிசியில் இருக்கும். இன்னொன்று, பழைய வாகனத்திற்குப் புதுச் சாமான் போட்டால் அதில் ஒரு பங்கு உங்கள் கணக்கு.

ஆனால் இப்போது பலரையும் விழுத்துவது வேறொன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதன் பிறகு பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. நாங்களோ பிரீமியம் கூடும் என்று வாங்கியபோது போட்ட பெறுமதியையே வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு வந்தோம். சந்தையில் 60 இலட்சம் போகிற வாகனத்தை 30 இலட்சத்திற்குக் காப்புறுதி செய்திருந்தால், நீங்கள் பாதியைத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்பது கம்பனியின் கணக்கு. 2 இலட்சம் சேதம் வந்தால் 1 இலட்சம்தான் தருவார்கள், அதிலும் எக்ஸஸ் போகும். முழுச் சேதத்திற்கு மட்டும்தான் இந்தக் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள், கதவு வேலைக்கும் இதுதான். சில பொலிசிகளில் குறிப்பிட்ட வீதம் வரை விட்டுக்கொடுப்பு இருக்கும், உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். 2025இல் இறக்குமதி திரும்பவும் தொடங்கியது. இனி பெறுமதி ஏறுமா இறங்குமா என்று நான் சாத்திரம் சொல்ல வரவில்லை, புதுப்பிக்கும்போது அன்றைய சந்தை விலையைக் கேட்டுப் போடுங்கள்.

பரந்தன் தம்பி, உங்களுடையது லீசிங் என்றால் பெறுமதி ஓரளவு சரியாக இருக்கும். சின்ன வேலைக்குக் காசு கராஜுக்கோ உங்களுக்கோ வரும். வாகனம் முழுச் சேதம் என்றால் மட்டும் காசு முதலில் லீசிங் கம்பனிக்குப் போகும், மிச்சம்தான் உங்களுக்கு.

வற்றாப்பளைப் பொடியன்

வருகிற வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகிறவர்களுக்கும் இந்த இழை பயன்படும். சனம் முட்டி வழியும், வாகனங்களைக் காணிக்குள் வரிசையாக விட்டுவிட்டு நடந்து போக வேண்டியதுதான். விடியப்புறம் திரும்பி வந்தால் யார் இடித்தது என்று யாரைக் கேட்பது? நான் செய்வது, நிறுத்தியவுடன் முன்னும் பின்னும் பக்கமும் நிற்கிற வாகனங்களின் இலக்கம் விழுகிற மாதிரி ஒரு வீடியோ. இடித்தவன் அனேகமாகப் பக்கத்தில் நின்றவன்தான்.

வேறு ஒரு கேள்வி. கூட்டத்தில் யாராவது கல்லெறிந்து கண்ணாடியை உடைத்தால் இன்சூரன்ஸ் வருமா?

காப்புறுதிக்காரன்

தனி ஒருவன் விஷமத்துக்கு எறிந்தான் என்றால் ஃபுல் பொலிசியில் வரும், பொலிஸ் என்ட்ரியோடு. கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் என்று வந்தால் அதற்கு மேலதிகப் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். எஸ்ஆர்சிசி என்று பொலிசியில் தனி வரியாக இருக்கும். 83 கலவரத்துக்குப் பிறகு, 1987இல் அதற்கென்று ஒரு நிதியத்தை அரசாங்கம் தொடங்கியது, இப்போது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் இருக்கிறது. 2022 மே 9 வன்முறையில் எரிந்த வாகனங்களுக்கு, இந்த வரி இருந்ததா இல்லையா என்பதுதான் முதல் கேள்வியாக வந்தது. சில நூறு ரூபாவை மிச்சம் பிடிக்க அதை வெட்டாதீர்கள்.

பரந்தன் பக்கம்

அடுத்த நிலவரம். அக்கா சொன்ன மாதிரி எழுதிக் கொண்டு போனேன். ஓஐசி வாசிக்கச் சொல்லிக் கேட்டார், அமைதியாகத்தான் கதைத்தார். தமிழ் எழுதுகிற உத்தியோகத்தர் ஒருவரைக் கூப்பிட்டார். புதிதாக முறைப்பாடு எடுத்தார்கள்: நிறுத்திய நேரம், திரும்பி வந்த நேரம், கார் பூட்டி உள்ளே யாரும் இல்லாமல் நின்றது, கமராத் துண்டு, மஞ்சள் பெயின்ட், எல்லாம். வாசித்துப் பார்த்துத்தான் ஒப்பம் வைத்தேன். இலக்கம், பக்கம், பந்தி கையில்.

மூன்று எண்ணையும் மஞ்சள் நிறத்தையும் வைத்து டிப்பரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சாரதி இருபத்தைந்து வயதுப் பொடியன், வந்து நின்றான். இடித்தது தெரியாது என்று முதலில் சொன்னவன், இறங்கிப் பார்ப்பது கமராவில் இருக்கிறது என்றதும் தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி இப்போது எனக்கு ஃபோன் மேல் ஃபோன். “வழக்கு வேண்டாம், 40 ஆயிரம் தாறன், முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கோ” என்கிறார். கராஜ் எஸ்டிமேட் அதை விட மூன்று மடங்குக்கு மேல். உறவுகள் என்ன சொல்கிறீர்கள்?

முல்லைக் கடற்கரை

40 என்றால் விடுங்கள், நானே வேண்டாம் என்கிறேன்.

ஆனால் தம்பி, பொடியனைப் பற்றியும் யோசியுங்கள். நாள் கூலிக்கு ஓடுகிறவனாக இருப்பான். முதலாளி வழக்குக் காசை அவன் தலையில் கட்டிவிடுவார்.

தாண்டிக்குளம் அக்கா

அந்த இரக்கம் சரிதான் அண்ணை. ஆனாலும் இடித்தால் நின்று பெயர், முகவரி கொடுக்க வேண்டும், உரியவர் இல்லாவிட்டால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் சாரதிக்குப் போட்ட கடமை. அது பொலிசுக்கும் அவனுக்கும் இடையிலான விஷயம், நீங்கள் வாபஸ் வாங்கினால் தானாக மறைந்துவிடும் என்று முதலாளி நினைப்பது பிழை. உங்கள் பக்கம் காசு மட்டும்தான்.

வாபஸ் என்ற பேச்சே வேண்டாம். “என் கம்பனியோடு கதையுங்கள்” என்று அவர்களின் இலக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். எக்ஸஸ், நாள் வாடகைக்கு வேறு வாகனம் பிடித்த செலவு போன்ற கம்பனி தராத மிச்சத்தை மட்டும் அவரிடம் தனியாகக் கேட்கலாம். கம்பனிக்கு முதலில் அறிவித்துவிட்டு, என்னென்னவற்றுக்கு என்று விபரமாக எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் மத்தியஸ்த சபைக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபைகள் அவை, அனேகமாக சனி ஞாயிறுகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடும். சட்டத்தரணி தேவையில்லை. அங்கே நான் கண்டவரை, ஃபோனில் கத்துகிற முதலாளிமார் வாங்கில் உட்கார்ந்ததும் குரல் இறங்கிவிடுவார்கள்.

டிங்கர் பட்டறை

எஸ்டிமேட்டில் கதவு மாற்றுவதா, தட்டி எடுப்பதா? கம்பனி தட்டி எடுக்கத்தான் சொல்லும். கதவின் கீழ் விளிம்பு மடிந்திருந்தால் தட்டினாலும் ரப்பர் ஒழுங்காக உட்காராது, மாரியில் தண்ணீர் உள்ளே வரும். கதவைத் திறந்து, விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், நெளிவு கையில் படும். பட்டால் அசெஸரைத் திரும்ப வரச் சொல்லி, கழற்றிய பிறகு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். வேலை தொடங்கிய பிறகு தெரிந்த சேதத்திற்கும் கேட்கலாம், ஆனால் பூசி மெழுகுவதற்கு முன்பு. பழைய கதவை எறிந்துவிடாதீர்கள், கம்பனி கேட்கும்.

பரந்தன் பக்கம்

விரலை ஓட்டிப் பார்த்தேன் அண்ணை, அலை அலையாகத்தான் இருக்கிறது. அசெஸர் திரும்ப வந்து கதவை மாற்ற ஒப்புக்கொண்டார். கம்பனி எக்ஸஸ் கழித்துக்கொண்டு மிச்சத்தை கராஜுக்கே நேரே கட்டுகிறது. எக்ஸஸையும் வாடகைச் செலவையும் டிப்பர் முதலாளி எழுத்தில் ஏற்றுக்கொண்டு கட்டிவிட்டார், கம்பனிக்கும் அறிவித்தாகிவிட்டது. மத்தியஸ்த சபைக்குப் போகத் தேவை வரவில்லை. பொலிஸ் வழக்கு தன் பாட்டில் போகிறது.

ஒரே ஒரு கவலை, நோ கிளெயிம் போனஸ். பிழை என்னுடையது இல்லையே, அதையும் வெட்டுவார்களா?

காப்புறுதிக்காரன்

பேசாமல் இருந்தால் வெட்டுவார்கள், புதுப்பிக்கும்போது கணினி கிளெயிம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். உங்கள் கம்பனி டிப்பரின் கம்பனியிடமிருந்து காசை அறவிட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். அறவிட்டிருந்தால் போனஸைத் திருப்பித் தரும்படி, பொலிஸ் பிரதியை இணைத்து, புதுப்பிக்கும் திகதிக்கு முன்பே கடிதம் கொடுங்கள். மறுத்தால் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவு. அதற்கும் சரிவராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி கொழும்பில் இருக்கிறார், கட்டணம் இல்லை. ஆனால் முதலில் கம்பனியிடம் முறையிட்டதற்கான தாள் உங்களிடம் இருக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் விவசாயி

அப்போ என் போனஸ்? யானையிடமிருந்து யார் அறவிடுவது?

காப்புறுதிக்காரன்

உங்களுடையது போனது போனதுதான் அண்ணை. அடுத்த போகம் நெல்லை வாகனத்தில் வைக்காமல் படுங்கள்.